கால்தான் மாட்டேங்குது

லிப்ட் மெக்கானிக்குக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் அவன் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவனுக்கும் இருந்ததில்லை. இருபது வருடமாக லிப்ட்டுகளின் மோட்டாரையும் பிரேக்கையும் கதவுகளையும் பிரித்துப் பூட்டிய கை அவனுடையது. எந்தக் கம்பெனி லிப்ட் வந்தாலும் தலையணை கனத்தில் ஒரு கையேடும் கூடவே வரும். அட்டையிலிருந்து அட்டை வரை அதைப் படித்து முடிக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டான். அந்தக் கையேடுகளின் முதல் பக்கத்திலேயே சில சொற்களுக்குப் பொருள் போட்டிருப்பார்கள். 'மஸ்ட்' என்றிருந்தால் செய்தே ஆகவேண்டும். 'ஷுட்' என்றால் செய்வது நல்லது. 'மே' என்றால் செய்யலாம், செய்யாவிட்டாலும் குற்றமில்லை. இந்த மூன்றையும் கரைத்துக் குடித்தவன் என்று வேலை இடத்தில் அவனுக்கு நல்ல பெயர்.

அதனால்தான் அக்காவின் முதுகு ஆபரேஷனுக்கு, தமிழ் பேசாத அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில், 'மொழிபெயர்ப்பாளர் தேவையா?' என்ற இடத்துக்கு வந்ததும், 'இல்லை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தான்.

பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். ஆங்கிலம் படிக்க வராது அவளுக்கு. ஆனால் தம்பியின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"என்னடா அது? முகத்துல அவ்வளவு பெருமை?"

"தமிழ்ல சொல்றதுக்கு ஆள் வேணுமான்னு கேக்கறாங்க. நான்தான் இருக்கேனே."

"ஆபரேஷன் யாருக்கு?"

"உனக்கு."

"அப்ப எனக்குப் புரியணுமா, உனக்குப் புரியணுமா? 'வேணும்'னு போடு."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஒரு துணி ஆலையில் கட்டிங் மாஸ்டர் அவள். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டும் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். ஒரு நூல் பிசகினால் நாற்பது சட்டையும் வீண். பதினெட்டு வருடம் அந்த மேஜைக்கு முன்னால் நின்றதில் முதுகெலும்பின் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்த ஆரம்பித்துவிட்டது. இடது கால் முழுக்க மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒருநாள் கத்தி கோட்டிலிருந்து விலகியது. துணி கெட்டுப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரவே சம்மதித்தாள். கல்யாணம் ஆகாதவள், தம்பி குடும்பத்தோடு இருக்கிறவள். அந்த வீட்டில் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

மெக்கானிக் பேனாவை நகர்த்தி 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டான். மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்படித்தான் மொழிபெயர்ப்பாளராக அந்த மேடம் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கையில் கம்பிச்சுருள் நோட்டு, கால் நோகாத ரப்பர் செருப்பு. முழு ஆஸ்பத்திரிக்கும் தமிழுக்கு அவர் ஒருவர்தான். காலையில் பிரசவ வார்டு, மதியத்துக்குமேல் எலும்பு வார்டு என்று ஓடிக்கொண்டே இருப்பவர். நர்சுகள் அவருக்கு 'ஒரு நிமிஷம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் கட்டிலருகே வந்து விளக்கினார். உயரமானவர், தூக்கம் போதாத கண்கள், மெல்லிய குரல். எதை வெட்டுவார், எதைத் தொடமாட்டார், என்னென்ன ஆகக்கூடும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "அடுத்த நாள் அவங்க எழுந்திருக்கலாம்," என்றார். ஆங்கிலத்தில் 'ஷீ மே கெட் அப்' என்றார்.

மேடம் விரலை உயர்த்தினார். "ஒரு நிமிஷம், டாக்டர். இது எந்த 'மே'? எழுந்திருக்க அனுமதியா, இல்ல, எழுந்தாலும் எழுவாங்க, சொல்ல முடியாதுங்கற அர்த்தமா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. 'மே' என்றால் 'லாம்'. சின்னப்பிள்ளை பாடம். இதில் கேட்க என்ன இருக்கிறது?

சர்ஜன் அப்படி நினைக்கவில்லை. ஒரு கணம் யோசித்தார். "அனுமதி," என்றவர், உடனே தலையை ஆட்டினார். "இல்லை, அதுவும் போதாது. கட்டாயம் எழணும். படுத்தே இருந்தா ரத்தம் உறையும். 'மஸ்ட்'னு எழுதிக்கோங்க."

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, நாளன்னிக்கு நீங்க எழுந்து நிக்கணும். இஷ்டம் இருந்தா எழலாம்னு இல்ல. வலிச்சாலும் ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க, எழுந்தே ஆகணும். சரியா?"

"அப்படித் தெளிவா சொல்லு. எழுந்துடறேன்," என்றாள் அக்கா.

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சொல்லியிருந்தால் 'எழுந்திருக்கலாம்' என்று சொல்லியிருப்பான். அக்காவோ, 'லாம்தானே, பார்த்துக்கலாம்' என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வியில் டாக்டரின் வாயிலிருந்தே வேறு சொல்லை வரவழைத்துவிட்டார். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் அக்கா இரண்டு பாதங்களையும் ஆட்டிக் காட்டினாள். கால் வலி போன இடம் தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்தபோதும் குறையொன்றும் இல்லை.

பதினொரு மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் வந்தார். சுறுசுறுப்பான வாலிபர். அந்த வார்டில் அன்றைக்கு அவருக்கு ஒன்பது பேர். அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவந்து, "ட்ரை, ட்ரை" என்று இடது காலைத் தட்டினார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். மறுபடி தட்டினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர் முன்னால் அழுது பழக்கமில்லாதவள்.

"என்னக்கா, என்ன பண்ணுது?" என்றான் மெக்கானிக்.

"கால் அசைய மாட்டேங்குதுடா."

பிசியோதெரபிஸ்ட் அவனைப் பார்த்தார். தன் ஆங்கிலத்துக்கு வேலை வந்துவிட்டதென்று அவனுக்குத் தோன்றியது. 'மாட்டேன்' என்றால் 'வில் நாட்'. இதிலென்ன குழப்பம்? நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னான்: "ஷீ வில் நாட் மூவ் த லெக்."

பிசியோதெரபிஸ்ட் புரிந்துகொண்ட பாவனையில் தலையசைத்தார். முதல் நாள் பயம், நிறையப் பேர் இப்படித்தான், நாளைக்கு வருகிறேன் என்று ஆறுதலாகப் பேசினார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தான் சொன்னதை ஒருவர் உடனே புரிந்துகொண்டதில் மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு திருப்திகூட. அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தான். கொஞ்ச நேரம் தூங்கச் சொன்னான்.

ஒன்றரை மணிக்கு மேடம் வார்டுக்குள் வந்தார். யார் கட்டிலுக்குப் போனாலும் முதலில் அட்டையைப் படிப்பது அவர் வழக்கம். படித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"என்னக்கா, எழுந்துடறேன்னு எனக்கு வாக்குக் கொடுத்தீங்க. காலை அசைக்க மாட்டேன்னு மறுத்துட்டீங்களாமே?"

அக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நானா? நான் எப்பம்மா மாட்டேன்னேன்? கால்தான் மாட்டேங்குது!"

மேடத்தின் பேனா அந்தரத்தில் நின்றது.

"ஒரு நிமிஷம். அசைச்சா வலிக்குதுன்னு அசைக்காம இருக்கீங்களா? இல்ல, அசைக்கணும்னு நினைச்சாலும் அசையலயா?"

"நினைக்கறேன், நினைக்கறேன், அது கேக்கலையே! வலியெல்லாம் இல்ல. மரக்கட்டை மாதிரி கிடக்கு. காலைல எட்டு மணிக்கு நர்ஸ் பார்த்தப்ப ஆடுச்சு. அப்புறம் லேசா கனமா இருந்துச்சு. இப்ப விரல்கூட வரல."

மேடம் மெக்கானிக் பக்கம் திரும்பினார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவசரம்தான் இருந்தது. "சார், காலைல வந்தவர்கிட்ட நீங்க இங்கிலீஷ்ல என்ன சொன்னீங்க? அதே வார்த்தைல சொல்லுங்க."

அவன் சொன்னான்.

மேடம் அட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். நடக்கும்போதே ஓடுகிற மாதிரி இருப்பவர், இப்போது நிஜமாகவே ஓடினார். மெக்கானிக்கும் பின்னாலேயே போனான்.

நர்ஸ் மேஜையில் இருந்த மூத்த நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் மறுத்ததாகத்தானே எழுதியிருக்கு?" என்றார்.

"எழுதியிருக்கு. ஆனா அவங்க மறுக்கவே இல்ல. 'வில் நாட்' இல்ல சிஸ்டர், 'கேனாட்'. மனசு இல்லாம இல்ல. முடியல. காலையில எட்டு மணிக்கு ஆடின கால் இப்ப ஆடல. இது அவங்க வாயால சொன்னது. நான் சொல்றது இல்ல."

"நரம்புல ஏதாவது பிரச்சினைன்னு நினைக்கறீங்களா?"

"நான் எதையும் நினைக்கக் கூடாது. மருத்துவம் எனக்குத் தெரியாது. அவங்க சொன்ன வார்த்தை தெரியும். அது தப்பா பதிவாயிருக்கு. இப்பவே சர்ஜனுக்குத் தெரியணும்."

மெக்கானிக் ஆயுசுக்கும் மறக்காத காட்சி அது. இன்னொருவராக இருந்தால் பதறியிருப்பார், கத்தியிருப்பார், இது இந்த நோய்தான் என்று தானே தீர்ப்பும் சொல்லியிருப்பார். மேடம் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா சொன்னதை அப்படியே ஏந்திக்கொண்டு போய் அந்த மேஜைமேல் வைத்தார். மூத்த நர்ஸ் இரண்டே நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சர்ஜன் வந்தார். அக்காவின் பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மேடம் குனிந்து, "இங்க தெரியுதா, இங்க?" என்று ஒவ்வொன்றையும் கேட்டுச் சொன்னார். உடனே ஸ்கேன். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைந்து, கட்டியாகி, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்றார் சர்ஜன். மூன்று மணிக்கு அக்காவை மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

வெளியே வரிசை நாற்காலிகளில் மெக்கானிக் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடம் அடுத்த வார்டுக்குப் போய், அங்கே ஒரு வேலையை முடித்துவிட்டு, பத்து நிமிடம் கிடைத்ததும் அவனிடம் வந்தார்.

"என் வாயாலதான் மேடம் இத்தனையும். பேசாம இருந்திருந்தா அவர் காலைச் சோதிச்சாவது பார்த்திருப்பார்."

"நீங்க பொய் சொல்லலையே சார். தமிழ்ல கதவு திறக்க மாட்டேங்குதும்போம், கால் வர மாட்டேங்குதும்போம். கதவுக்கு ஏது பிடிவாதம்? அதை நாம ஒரு ஆள்மேல ஏத்திச் சொன்னதும், இங்கிலீஷ்ல அது அந்த ஆளோட பிடிவாதமா மாறிடுது."

"இருந்தாலும், இருபது வருஷம் இங்கிலீஷ் படிச்சவன் நான்."

மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல என்ன பண்ணினேன் தெரியுமா? ஒரு பெரியவரைப் பார்த்துட்டு டாக்டர் அவர் மகன்கிட்ட, 'ஹீ மஸ்ட் பி இன் பெய்ன்'னார். பாவம், ரொம்ப வலிக்குது போலன்னு இரக்கமா சொன்னார். நான் என்ன சொன்னேன்? 'அவருக்கு வலி இருந்தே ஆகணுமாம்'னு சொல்லிட்டேன்."

"ஐயையோ!"

"மகன் சட்டைக் கையை மடிச்சுட்டு எழுந்துட்டார். டாக்டர் ரெண்டடி பின்னால போனார். அன்னிலேருந்துதான் விரலைத் தூக்கற வழக்கம். இந்த மே, மஸ்ட், ஷுட் எல்லாத்தையும் இலக்கணத்துல மோடல் வெர்ப்னு ஒரே பக்கத்துல முடிச்சிடுவாங்க சார். பத்துப் பன்னிரண்டு குட்டிச் சொல்லு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு முகம். எந்த முகம்னு பேசறவரைக் கேட்டாத்தான் தெரியும். கேக்க வெட்கப்படக் கூடாது, அவ்வளவுதான்."

அந்த நிலைமையிலும் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு மொழிக்கு நடுவில் இந்தப் பெண் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் ஒரு உயிர், அந்தப் பக்கம் ஒரு கத்தி. நடுவில் 'லாம்', 'ணும்', 'கூடாது', 'மாட்டேன்' என்று கடுகு அளவு சொற்கள். ஒன்றையும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பலர் அவரைக் கவனித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவனும்தான் பார்க்கவில்லையே.

ஐந்தரைக்குச் சர்ஜன் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு, "ஷீ ஷுட் வாக்" என்றார்.

மெக்கானிக்குக்கு ரத்தம் ஏறியது. ஷுட் என்றால் செய்வது நல்லது. நடப்பது நல்லதாமே! நடக்க முடிகிறதா இல்லையா என்றல்லவா சொல்லவேண்டும்? வாயைத் திறக்கப் போனவன் சட்டென்று மூடிக்கொண்டு மேடத்தைப் பார்த்தான். அவன் விரல் அவனை அறியாமல் பாதி உயர்ந்திருந்தது.

மேடம் சர்ஜனிடம் ஒரு வரி கேட்டார். பிறகு திரும்பினார். "அக்கா நடப்பாங்கன்னு எதிர்பார்க்கறார் சார். நேரத்தோட கட்டியை எடுத்துட்டாங்க, நரம்புக்கு உயிர் இருக்கு. அடிச்சுச் சொல்லல. ஆனா நம்பிக்கையோட சொல்றார். இந்த 'ஷுட்' அந்த மாதிரி ஷுட்."

சர்ஜன் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேடத்திடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க நாலு மணிக்கு வந்திருந்தா நான் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது."

இதை மேடம் தமிழில் சொல்லவில்லை. முதன்முறையாக ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்து நின்றார். ஆனால் மெக்கானிக்குக்கு அது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

இரவுக்குள் அக்காவின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்தார். நேராக மேடத்தை அழைத்துக்கொண்டுதான் வந்தார். அக்காவின் கட்டிலருகே கையைக் கட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விடுங்க தம்பி. நானும் வாயைத் திறந்து கத்தியிருக்கணும். கௌரவம் பார்த்தேன். கத்தி விலகினா ஒத்துக்கணும், அடுத்த துணியை ஒழுங்கா வெட்டணும். வாங்க, பிடிங்க காலை."

அடுத்த வாரம் அந்த வார்டின் அட்டைகளே மாறின. 'ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரு கட்டம் இருந்த இடத்தில் 'செய்ய விருப்பமில்லை' என்று ஒன்றும் 'செய்ய முடியவில்லை' என்று ஒன்றுமாக இரண்டு கட்டங்கள் வந்தன. அதைக் கேட்டு வாங்கியது பிசியோதெரபிஸ்ட்தான் என்று மூத்த நர்ஸ் மெக்கானிக்கிடம் சொன்னார்.

கால் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்ப மூன்று மாதம் பிடித்தது. முதலில் பிடித்து நடக்க நாலுகால் சட்டம், அப்புறம் ஒற்றைக் கைத்தடி, அப்புறம் தம்பியின் தோள். முன்பாதம் மட்டும் களைத்தால் கொஞ்சம் இழுக்கும். கடைசிப் பரிசோதனைக்குப் போன அன்று தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

சர்ஜன் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார், குதிகாலில் நிற்கவிட்டுப் பார்த்தார். "இனி வேலைக்குப் போகலாம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், மேடம் வாயைத் திறக்கும் முன்பே தானே கையைக் காட்டினார். "இருங்க, நானே சொல்லிடறேன். உடம்புக்குத் தெம்பு இருக்கு, அது ஒண்ணு. நான் கொடுக்கற அனுமதி அரைநாளுக்குத்தான், அது ரெண்டு. நடுவுல உட்காரணும், அது கட்டாயம்."

மேடம் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் அக்கா தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு மேல்சட்டை. அளவே எடுக்காமல், கட்டிலில் படுத்தபடி கண்ணாலேயே அளந்து, வீட்டு மேஜையில் உட்கார்ந்து வெட்டித் தைத்தது. நோட்டு வைக்க ஆழமான பை ஒன்று, பேனாவுக்குத் தனியாக ஒன்று.

மேடம் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். தையலை விரலால் வருடினார். முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"அக்கா, நாங்க எதுவும் வாங்கக் கூடாது. ஆஸ்பத்திரி விதி."

"கூடாதா?"

"கூடாது."

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். "கூடாதுன்னா சரிம்மா, அது உன் வேலைக்கு மரியாதை. மாட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாக்பீஸும் கத்தியும் காய்ப்பேற்றிய கைகள். அதற்குள் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு நர்ஸ் அவரைக் கூப்பிட்டாள். புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம், யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நோட்டைப் பிரித்தபடியே நடந்தார்.

பேருந்து நிறுத்தம் வரை அக்காவும் தம்பியும் நடந்தே போனார்கள். நடுவில் ஒருமுறை கால் இழுத்தது. அக்கா நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன சம்பளம் கொடுப்பாங்கடா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது," என்றாள் அக்கா. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்து நின்ற பேருந்தின் படியில் இடது காலை முதலில் எடுத்து வைத்தாள்.